நீலகிரி மலைவாழ் மக்களுக்கான டிஜிட்டல் தளம்: வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

கோவையில் மென்பொருள் பணியில் இருக்கும் சில இளைஞர்கள் நீலகிரி மாவட்டத்துக்கென ஒரு செயலியை உருவாக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். அரசுத் திட்டங்களுக்கு விண்ணப்பிப்பது, தேன், காப்பி, மிளகு, தோடரின் பூத்தையல் துணி ஆகியவற்றை விற்பது, குறைகளைப் பதிவு செய்வது ஆகிய மூன்றுக்கும் அது பயன்பட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பழங்குடி ஊர்களும் தோட்டக் கூலிக் குடும்பங்களும் விடுபட்டுப் போகாமல் அதை எப்படி வடிவமைப்பது, தமிழில் எளிய திரைகளும் பெரிய எழுத்துகளும் படக்குறிகளும் இருந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

போதாது என்பதே என் பதில். எளிய திரை நல்லதுதான். ஆனால் மலையில் ஒருவர் ஒரு சேவையிலிருந்து வெளியே தள்ளப்படுவதற்குத் திரை புரியாமல் போவது முதல் காரணமாக இருப்பது அரிது. தளம் ஒன்றைக் கேட்கிறது. அவரிடம் அதற்கு உண்மையான விடை இருக்கிறது. அந்த விடையை வாங்கிக்கொள்ளத் தளத்துக்குத் தெரியவில்லை. தொலைபேசி எண், கைரேகை, முகவரி, பெயர், இனம், மொழி என்று ஒவ்வொரு கட்டத்திலும் இதுவே நடக்கிறது. ஆகவே கைரேகை பதியாதபோதும், எண் மாறிப்போனபோதும், முகவரிச் சான்று இல்லாதபோதும் என்ன நடக்கும், அதை யார், எந்த இடத்தில், எத்தனை நாளுக்குள் சரிசெய்வார் என்ற பாதையைத்தான் நீங்கள் முதலில் வரைய வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது தோன்றும் திரைகளை அதன் பிறகு வரையலாம்.

யாருக்காக வடிவமைக்கிறோம் என்பதை ஒரு சொல்லில் அடக்கிவிடக் கூடாது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு மக்களும் மிகவும் நலிவுற்ற பழங்குடிக் குழுக்கள் என்று அரசால் வகைப்படுத்தப்பட்டவர்கள். ஆறு குழுவினரும் இந்த ஒரே மாவட்டத்தில் வாழ்கிறார்கள். ஆனாலும் உதகைக்கு அருகில் மந்து எனப்படும் சிற்றூர்களில் வாழும் தோடர் குடும்பத்தின் நிலையும், பந்தலூர்ப் பக்கம் பிறர் தோட்டத்தில் கூலிக்குப் போகும் பணியர் குடும்பத்தின் நிலையும் ஒன்றல்ல. அவர்களோடு, 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிக் கூடலூர், கோத்தகிரி பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களையும், அரை ஏக்கர் தேயிலையை நம்பியிருக்கும் சிறு விவசாயிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் மலையில் பளியர்களிடம் இதே பணியைச் செய்யப் போகிறவர்களுக்கும் நான் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். ஊர்ப்பெயர்களும் பருவங்களும் மாறும்.

தொலைபேசி எண்ணிலிருந்து தொடங்குகிறேன். மிக அதிகமான பேரை அமைதியாக வெளியேற்றுவது அதுதான். ஒருவருக்கு ஒரு போன், ஒரு போனுக்கு ஓர் எண், அந்த எண் என்றும் அவருடையது என்ற நம்பிக்கையின் மேல்தான் இன்றைய சேவைகள் எல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 54 விழுக்காடு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 75 விழுக்காடு. மாநில அளவில் நாம் பெருமைப்படக்கூடிய எண் இது. ஆனால் மீதமுள்ள நான்கில் ஒரு பங்குப் பெண்கள் யார், எங்கே வாழ்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளரின் லைன் வீடுகளிலும், பாடி எனப்படும் பழங்குடிக் குடியிருப்புகளிலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு போன் இருப்பதும், அதை வேலைக்குப் போகும் ஆண் கையோடு கொண்டுபோவதும் இன்னும் வழக்கம்தான். அந்த வீட்டுப் பெண்ணின் விண்ணப்பத்துக்கான ஓடிபி, பத்துக் கிலோமீட்டர் தள்ளி வேலை செய்யும் அவர் கணவரின் சட்டைப் பையில் வந்து சேர்ந்து, சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும்.

ரீசார்ஜ் செய்யக் காசில்லாத மாதங்களில் என்ன ஆகிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணத் திட்டங்கள் பெரும்பாலும் 28 நாள் சுழற்சியில் ஓடுகின்றன. கொழுந்து குறைந்த பனிக்காலத்திலும் வேலையில்லாத கன மழையிலும் அந்தச் சுழற்சி அறுந்துபோகிறது. 90 நாள் பயன்பாடின்றிக் கிடக்கும் எண்ணை நிறுவனம் முடக்கலாம். பின்னர் அதை வேறொருவருக்குக் கொடுக்கவும் செய்யலாம். அந்த எண்ணோடு கட்டியிருந்த ஆதார், வங்கிக் கணக்கு, எரிவாயு இணைப்பு, மாணவர் உதவித்தொகை எல்லாம் ஒரே நேரத்தில் கைநழுவுகின்றன. இதற்கு ஏற்ற வடிவமைப்பு கடினமானது அல்ல. ஓர் எண்ணின் கீழ் பல பேர் பதிவு செய்ய இடம் கொடுங்கள். ஒருவரை அடையாளம் காண எண்ணை மட்டும் நம்பாமல், பதிவின்போது அச்சிட்டுக் கொடுக்கும் ஓர் அட்டையையோ, குடும்ப அட்டை எண்ணையோ சேர்த்து வையுங்கள். ஓடிபி கட்டாயம் தேவைப்படும் இடத்தில் அதன் ஆயுளை நிமிடங்களில் வைக்காமல் ஒரு நாளுக்கு நீட்டுங்கள். எண்ணை மாற்றும் வேலையைப் பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொண்டுதான் செய்ய முடியும் என்ற விதியை எந்தக் காரணம் கொண்டும் எழுதாதீர்கள். எண்ணை இழந்தவர்தான் அந்தப் பக்கத்துக்கே வருகிறார்.

கைரேகையைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. கொழுந்து பறித்தும், கல் சுமந்தும், காப்பி உலர்த்தியும் தேய்ந்த விரல்கள் கருவியில் பதிவதில்லை. 2020 முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் கைரேகை வந்தபோது மலையில் முதியோர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அங்கே அடுத்தடுத்த மாற்றுவழிகள் வைக்கப்பட்டன: குடும்பத்தில் வேறொருவர் வரலாம், வர இயலாதவர் தம் சார்பில் ஒருவரை நியமிக்கலாம். 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் சட்டத்தை நலத்திட்டங்களுக்கு ஏற்றுக்கொண்ட தீர்ப்பிலும், அடையாளச் சரிபார்ப்பு தோற்றதால் உரியவர் விலக்கப்படும் கேட்டை உச்ச நீதிமன்றம் கவனத்தில் கொண்டது. உங்கள் தளத்தில் சரிபார்ப்பு தோற்றால், அந்த நபருக்கு அன்றே சேவை கிடைத்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் அதைத் தீர்ப்பது பிறகு உங்கள் வேலை. இந்த வரிசையை மாற்றி வைத்தால் ஏழை காத்திருப்பார், தளம் காத்திருக்காது.

பணம் எங்கே போகிறது என்பது இதே போன்ற இன்னொரு சிக்கல். ஆதார் வழியாக அனுப்பப்படும் தொகை, கடைசியாக ஆதாரோடு இணைக்கப்பட்ட கணக்குக்குச் செல்கிறது. 2014 ஆகஸ்டுக்குப் பிறகு ஜன்தன் முகாமில் ஒரு கணக்கு, சுயஉதவிக் குழுவுக்காக ஒன்று, நூறு நாள் வேலைக்காக ஒன்று என்று மூன்று வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவருக்குத் தன் பணம் எதில் விழுந்தது என்று தெரிவதில்லை. ஒவ்வொரு வங்கியாகப் பேருந்தில் போய்க் கேட்கிறார். உங்கள் தளம் வேறு எதையும் செய்யாமல், பணம் எந்த வங்கிக்குச் சென்றது என்பதை மட்டும் பட்டன் போனில் குரலாகச் சொன்னாலும் அது பெரிய உதவி.

முகவரிக்கு வருவோம். கதவு எண், தெரு, வார்டு என்று கேட்கும் படிவத்தில் தோடரின் மந்து ஒன்றையோ, கோக்கால் எனப்படும் கோத்தர் ஊரையோ, ஆனைக்கட்டிக்கும் சிறியூருக்கும் பக்கத்திலுள்ள இருளர் குடியிருப்பையோ எழுத முடியாது. 643 என்று தொடங்கும் அஞ்சல் எண்ணோடு ஊர்ப்பெயரும் குடும்பத் தலைவர் பெயரும் போதுமானவை. அஞ்சல்காரர் அதை வைத்துத்தான் வீடு கண்டுபிடிக்கிறார். ஆழமான சிக்கல் சான்றில் இருக்கிறது. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் 1969 ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17 ஆம் பிரிவின் கீழ் வரும் நிலங்களின் உரிமை பல்லாண்டுகளாகத் தீர்வின்றிக் கிடக்கிறது. அங்கே தலைமுறையாக வாழும் குடும்பங்களுக்குப் பட்டா இல்லை; அதனால் மின் இணைப்புப் பெறுவதே பெரும் போராட்டமாக இருந்தது. பட்டா எண்ணையும் மின் இணைப்பு எண்ணையும் கட்டாயம் நிரப்ப வேண்டிய புலங்களாக வைக்கும் ஒரு படிவம், இந்த வரலாறு முழுவதையும் அறியாமலே அந்தக் குடும்பத்தின் மேல் மீண்டும் ஒருமுறை சுமத்துகிறது. ஒவ்வொரு கட்டாயப் புலத்தையும் எடுத்துக்கொண்டு, அந்தத் தகவல் இல்லாவிட்டால் சேவை தருவதில் உண்மையிலேயே என்ன தடைபடும் என்று உங்கள் குழுவுக்குள் எழுத்தில் பதில் எழுதுங்கள். பாதிப் புலங்கள் அங்கேயே உதிர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

பெயரிலும் இனத்திலும் தவறு நேர்வதற்கான வாய்ப்பு அதிகம். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் கொண்ட பெயருக்குக் குடும்பப் பெயர் கேட்காதீர்கள். பிறந்த நாள் தெரியாமல் ஆண்டு மட்டும் சொன்னவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று பதிவாகியிருக்கும். பள்ளிச் சான்றில் வேறு தேதி இருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்று தானாக நிராகரிக்கும் விதி, குற்றமற்றவரைத் தண்டிக்கும் விதி. இனப் பட்டியலில் இன்னும் கவனம் வேண்டும். அட்டவணைப் பழங்குடியினர் பட்டியலில் நீலகிரி மாவட்டத்துக் குறும்பர் என்று ஒரே பதிவுதான் உண்டு. ஆனால் ஆலுக் குறும்பரும், பெட்டக் குறும்பரும், முள்ளுக் குறும்பரும் பேசும் மொழிகள் வேறு, வாழும் பகுதிகள் வேறு, தொழில்களும் வேறு. பளியர் என்ற பெயர் அதே பட்டியலில் சற்றே மாறுபட்ட எழுத்துகளோடு ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகளாக இருக்கிறது. சான்றிதழில் ஓர் எழுத்தும் தளத்தில் மற்றோர் எழுத்தும் இருந்தால் மாணவரின் உதவித்தொகை நின்றுபோகும். ஆகையால் சட்டப்படியான இனப்பெயரைச் சான்றிதழில் உள்ளபடியே ஒரு புலத்தில் வாங்குங்கள். அவர்கள் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள், எந்த மொழியில் பேச விரும்புகிறார்கள் என்பதைத் தனியாகக் கேளுங்கள். இரண்டையும் ஒன்றையொன்று சரிபார்க்கவிடாதீர்கள். பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழைத் தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் வழங்குகிறார், விசாரணைக்கு நேரம் எடுக்கிறது என்பதால், சான்றிதழ் கையில் வரும்வரை விண்ணப்பம் நிலுவையில் இருக்க இடம் வேண்டும்.

மொழியைப் பற்றிப் பேசும்போது தமிழில் இருந்தால் எல்லோருக்கும் எட்டும் என்று நாம் எளிதாக நினைத்துவிடுகிறோம். கோத்தகிரிச் சரிவுகளில் குஞ்சப்பனைப் பக்கம் உள்ள இருளருக்குப் பேச்சுத் தமிழ் நன்றாகவே தெரியும். கூடலூர்ப் பணியரின் மொழி மலையாளத்தோடு நெருக்கமானது; காட்டுநாயக்கர் மொழி கன்னடத்தோடு நெருக்கமானது. அலுவலகத் தமிழ் இவர்கள் எல்லோருக்குமே அந்நியம்; சொல்லப்போனால் சமவெளியில் படித்தவருக்கும் அது பாதி அந்நியம்தான். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. 2003 இல் சேர்க்கப்பட்ட சந்தாலியும் போடோவும் அதில் உண்டு. நீலகிரியின் பழங்குடி மொழிகளில் ஒன்றுகூட இல்லை, படுகர் பேசும் மொழியும் இல்லை. 2023 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அந்த அட்டவணை மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. அதாவது, ஒரு தோடர் மூதாட்டிக்குப் புரியாத தமிழில் ஒப்புதல் அறிவிப்பைக் காட்டிவிட்டாலும் அந்த மொழி விதிப்படி நீங்கள் சரியாகவே நடந்தவர் ஆவீர்கள். அந்த இடத்தில் நின்றுவிடாதீர்கள்.

இங்கே எழுத்தைவிடக் குரல் உதவும். தோடா மொழியின் நாவதிர் ஒலிகளையும் உரசொலிகளையும் தமிழ் எழுத்தில் பிரித்துக் காட்டவே இயலாது. அந்த மொழிகளைப் பேசுவோரில் பெரும்பாலோர் அவற்றை எழுத்தில் படித்துப் பழகியவர்களும் அல்லர். ஆகவே மலைமொழிகளில் திரை எழுத்துகளை உருவாக்குவதில் காலத்தைச் செலவிடாமல், அந்தந்த ஊரில் மதிக்கப்படும் ஒருவரின் குரலில் சிறு சிறு பதிவுகளைச் செய்யுங்கள். ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் தளம் திரும்ப அழைத்து, எண்ணை அழுத்தியோ வாய்திறந்து பேசியோ பதிலளிக்க வைக்கும் முறை இந்தியாவுக்குப் புதிதல்ல. 2010 இல் சத்தீஸ்கரில் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா என்ற குரல்வழிச் சேவை, கோண்டி பேசும் மக்கள் சாதாரணப் போனிலேயே தங்கள் ஊர்ச் செய்தியையும் குறையையும் பதிவு செய்ய வழி செய்தது. பட்டன் போனில் பணம் அனுப்புவதற்கான யூபிஐ 123பே 2022 மார்ச் மாதம் வந்துவிட்டது. தொழில்நுட்பம் இருக்கிறது, அழைப்புச் செலவைத் தளம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே கேள்வி. கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை நடத்தும் 90.4 சமுதாய வானொலி மலைமக்களின் மொழிகளில் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பி வருகிறது. ஒரு திட்டத்தின் கடைசித் தேதியைச் சொல்ல உங்கள் செயலியின் அறிவிப்பைவிட அது நம்பகமான வழி.

செயற்கை நுண்ணறிவு மொழிபெயர்ப்பு இதைத் தீர்த்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம். பழங்குடியினர் நல அமைச்சகம் 2025 செப்டம்பரில் வெளியிட்ட ஆதிவாணி என்ற மொழிபெயர்ப்புச் செயலி, சந்தாலி, பீலி, முண்டாரி, கோண்டி ஆகிய பெரிய மொழிகளோடு தொடங்கியது. சில ஆயிரம் பேர் மட்டும் பேசும் மொழிக்கு அந்த வரிசை வந்து சேரும்வரை யாரும் காத்திருக்க முடியாது. அதற்குள் நீங்களே குரல்களைச் சேகரித்து ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்கலாம் என்று தோன்றலாம். நியூசிலாந்தில் தே ஹிக்கு மீடியா என்ற மாவோரி வானொலி நிறுவனம், 2018 இல் தம் மக்களின் குரல்களைப் பெருமளவில் சேகரித்துப் பேச்சறியும் கருவியைத் தாமே உருவாக்கியது. அந்தக் குரல்களை வெளி நிறுவனங்களுக்கு விற்க மறுத்து, சமூகத்தின் பாதுகாப்பில் இருப்பதாக ஓர் உரிமத்தை எழுதிக்கொண்டது. இங்கும் குறைதீர்க்கப் பேசிய குரலை வேறு எதற்கும் எடுத்தாளக் கூடாது என்பதை முதல் நாளிலேயே விதியாக்குங்கள்.

டவர் கிடைக்காத இடங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும். எனவே சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர் வேறு, மேட்டில் இருக்கும் ஊர் வேறு. மாவட்ட வரைபடத்தில் இரண்டும் ஒரே நிறத்தில் காட்டப்படும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2021 மே மாதம் அறிமுகமான வருகைப் பதிவுச் செயலி, 2023 ஜனவரி 1 முதல் தனிநபர் பணிகள் நீங்கலாக எல்லாப் பணியிடங்களுக்கும் கட்டாயமாகி, நாளுக்கு இருமுறை நேரமும் இடமும் பதிந்த படத்தை எதிர்பார்த்தது. படம் ஏறாத நாளில் செய்த வேலைக்குக் கூலி கிடைக்குமா என்ற அச்சம் தொழிலாளியின் தலையில் விழுந்தது. உங்கள் தளத்தில் பதிவு நடந்த நேரமே கணக்கில் வர வேண்டும். அது சர்வரை வந்தடைந்த நேரம் கணக்கில் வரக் கூடாது. ஏப்ரல் முதல் ஜூலை வரை தேன் எடுக்கக் காட்டுக்குள் போகும் குடும்பங்கள் பல நாள் ஊரில் இருக்காது. காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கூலியை விட்டுவிட்டு யாரும் அலுவலகம் வரமாட்டார்கள். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பக்கம் மின்சாரமே நிலையில்லை. எந்தக் கடைசித் தேதியையும் இந்த நாள்காட்டியைப் பார்க்காமல் வைக்கக் கூடாது.

இனி நான் மிக முக்கியம் என்று கருதுவதைச் சொல்கிறேன். மலையில் பெரும்பாலானோர் உங்கள் தளத்தைத் தாமே தொடப்போவதில்லை. நடுவில் ஒருவர் இருப்பார். இ-சேவை மைய ஊழியர், பள்ளியில் படிக்கும் மகள், சங்கத்துப் பையன், கடைக்காரர் என்று யாரோ ஒருவர் அவர்களுக்காக விரலை வைக்கிறார். வடிவமைப்பாளர்கள் அந்த நபரைத் தற்காலிக ஊன்றுகோலாகக் கருதி, மக்கள் எல்லோரும் ஒருநாள் தாமே பயன்படுத்துவார்கள் என்று எழுதிவிட்டு, அவருக்கென ஒரு திரைகூட வைப்பதில்லை. விளைவாக அவர் பிறருடைய கடவுச்சொற்களை நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார். தம் சொந்த எண்ணையே இருபது பேருக்குக் கொடுக்கிறார். தவறு நேர்ந்தால் யாருக்கும் தடயம் இல்லை. வருவாய்த் துறைச் சான்றிதழ் ஒன்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம்தான். ஆனால் சிறியூரிலிருந்து மசினகுடியைக் கடந்து வரும் ஒருவருக்கு அதோடு பேருந்துச் செலவும், ஒரு நாள் கூலியும், மாலையில் யானை நடமாட்டத்துக்கு முன் ஊர் திரும்ப வேண்டிய அவசரமும் சேர்கின்றன. மையத்தில் சர்வர் வேலை செய்யவில்லை என்றால் அத்தனையும் வீண்.

ஊரிலேயே இருக்கும் ஒருவரை உதவியாளராக ஏற்று, அவருக்கு ஊதியம் கொடுத்து, பிறர் சார்பில் செயல்படுவதற்கான தனிக் கணக்கை அவருக்கு உருவாக்குங்கள். அவர் செய்த ஒவ்வொன்றும் உரியவரின் பெயரில் பதிவாகட்டும். செய்தது என்ன என்பதை உரியவருக்கு அவர் மொழியில் ஓர் அழைப்பு சொல்லட்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் உதவியாளரின் அனுமதி அன்றே நீங்கட்டும். அதோடு உதவியாளருக்குத் திருத்தும் அதிகாரமும் வேண்டும். எழுத்துப் பிழையைச் சரிசெய்யவும், சரிபார்ப்பு தோற்றதைக் கையால் உறுதிசெய்யவும், எண்ணை மாற்றவும் அவரால் முடியாவிட்டால், அவர் வெறும் செய்தி சுமப்பவராகிவிடுவார், ஊரின் கோபமும் அவர்மேல்தான் திரும்பும். இப்படி ஊர் ஆளிடமே பொறுப்பை ஒப்படைத்துக் கட்டிய அமைப்புக்குக் கூடலூரில் நல்ல முன்னுதாரணம் உண்டு. 1990 இல் தொடங்கிய அஸ்வினி ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் ஊர் நலப் பணியாளராகவும் பயிற்றுவித்தது. ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தோடு சேர்ந்து 1992 முதல் காப்பீட்டையும் நடத்தியது. அங்கே நம்பிக்கை முதலில் மனிதர்களிடம் உருவானது, பதிவேடுகள் அதன் மேல் வந்தன. 2021 இல் கொரோனா தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளம் முதலில் ஆங்கிலத்தில் மட்டும் இயங்கியதும், மற்ற மொழிகள் சேர்க்கப்பட்டபோது தமிழ் சில நாள் பிந்தி வந்ததும் நினைவிருக்கலாம். நீலகிரியின் பழங்குடி ஊர்களில் தடுப்பூசி போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அந்தத் தளம் அன்று. சுகாதாரக் குழுக்கள் ஊருக்கே சென்று, தெரிந்த முகங்களைக் கொண்டு பேசி, அங்கேயே பதிவும் செய்தார்கள். 2023 இல் மகளிர் உரிமைத் தொகைக்கு நியாயவிலைக் கடை ஊழியர்கள் வீடுதோறும் டோக்கனும் விண்ணப்பமும் கொடுத்து, முகாமில் தன்னார்வலர்கள் பதிவு செய்த முறையும் இதே வகை.

காட்டைப் பற்றிய தகவலைச் சேகரிக்கும் தளம் என்றால் வேறொரு பொறுப்பும் சேர்கிறது. தேன் கூடு கட்டும் பாறைகள் குறிப்பிட்ட குடும்பங்களின் வழிவழி உரிமைக்கு உட்பட்டவை. மருந்துச் செடி இருக்கும் இடம் சிலருக்கே சொல்லப்படுவது. சாமி இருக்கும் சோலை படம் பிடிக்கத் தகாதது. ஒருவர் ஆர்வத்தில் எடுத்து ஏற்றிய படத்தோடு அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெளியே போய்விடும். ஆகவே படங்களிலிருந்து இடக்குறிப்பைத் தளமே நீக்கிவிட வேண்டும். தேவைப்படும் இடத்தில் மட்டும் கேட்டுச் சேர்க்க வேண்டும். இங்கே தனிநபர் ஒப்புதல் போதாது, ஊரின் ஒப்புதல் வேண்டும். 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3(1)(k) உட்பிரிவில், பல்லுயிர் வளம் சார்ந்த மரபறிவின் மேல் சமூகத்துக்குள்ள உரிமையை ஏற்கிறது. கிராம சபைக்கு, உறுப்பினரில் பாதிப்பேரும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் வர வேண்டும் என்று 2012 இல் திருத்திய விதிகள் சொல்கின்றன. ஒப்புதல் கேட்க இதைவிடப் பொருத்தமான மன்றம் இல்லை. ஆஸ்திரேலியாவின் டென்னன்ட் கிரீக்கில் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான முகுர்த்து என்ற ஆவணத்தளம், எந்தப் படத்தை எந்தக் குடும்பம் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகத்தின் வழக்கப்படியே அமைத்தது. அதன் நிரல் எவரும் எடுத்துப் பயன்படுத்தக் கூடியது.

விற்பனைப் பகுதியில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். தோடர் பூத்தையல் 2013 இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலை இழை எண்ணித் தைக்கும் ஒரு போர்வைக்கு வாரக்கணக்கில் உழைப்புப் போகிறது. சில நாளுக்குள் அனுப்பாவிட்டால் விற்பவரின் மதிப்பெண் குறையும் என்ற பெருநகர விற்பனைத் தளங்களின் விதியை அப்படியே கொண்டுவந்தால், இயந்திரப் போலியை வாங்கி விற்பவர் முதலிடத்துக்கு வருவார். முன்பதிவு, முன்பணம், தைப்பவரே சொல்லும் தேதி என்று அமையுங்கள். தனித்தனிக் கடைகளாகப் பிரிக்காமல் கூட்டாக விற்க விடுங்கள். பழங்குடியினரே பங்குதாரர்களாக 2013 இல் தொடங்கிய ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனம் அவ்வழியில் வளர்ந்து, 2021 இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருதைப் பெற்றது.

தளத்தை அளவிடும்போது எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதை விடுங்கள். எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், எந்தப் புலத்தில் நின்றார்கள், நின்றவர்களில் எத்தனை பேருக்கு எத்தனை நாளில் தீர்வு கிடைத்தது என்பதை ஊர்வாரியாக எடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தந்த ஊர்க் கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்லுங்கள். முதல் சோதனையை உதகையிலோ குன்னூரிலோ வைக்காதீர்கள்; டவர் கிடைக்காத ஓர் ஊரிலும், பட்டா இல்லாத ஒரு குடியிருப்பிலும், மழைக்காலத்தில் வையுங்கள்.

திட்டம் தொடங்கும் முன்பே, அது முடியும்போது என்ன ஆகும் என்பதையும் ஊர்ச் சங்கங்களோடு எழுதி ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். நிதி நின்றால் பல மாதம் முன்னதாக அறிவிப்பு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் விண்ணப்பங்களின் அச்சுப்படி, சங்கத்துக்கு முழுப் பதிவின் பிரதி, உங்கள் சர்வரில் உள்ளதை அழித்ததற்கான எழுத்துறுதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். மக்கள் மனப்பாடம் செய்துவைத்திருக்கும் அந்த மிஸ்டு கால் எண்ணைத் தொடக்கத்திலிருந்தே சங்கத்தின் பெயரிலேயே வாங்குங்கள்.